பதினேழாம் மேசைக்கு ஒரு தட்டு

பூமி சுற்றுவதை நிறுத்தினால் கடல் கரையேறும், மணிக்கூண்டுகள் சாயும், போப்பாண்டவரின் தொப்பி பறக்கும்; நோரினா பர்தாஸ்ஸியின் இடக்கையில் இருக்கும் ஏழு தட்டுகளில் ஒன்றுகூட ஆடாது. மிகைப்படுத்தவில்லை, எண்ணிப் பார்த்திருக்கிறேன். சரி, இடக்கையில் ஆறு. ஏழாவது வலக்கையில் இருந்தது.

தட்டுகளை இறக்கியதும் அவர் செய்கிற முதல் வேலை, மேசையில் இருப்பவர்கள் டேப்லெட்டில் எதையெல்லாம் தொட்டு வைத்திருக்கிறார்கள் என்று எட்டிப் பார்ப்பது. என் பெரியம்மாவின் சீன உணவகத்தில் தலைக்கு ஒரு விலை கொடுத்து உட்கார்ந்துவிட்டால், வயிறு போதும் என்று சொல்கிற வரைக்கும் தொட்டுத் தொட்டு வரவழைக்கலாம். ஞாயிறு மதியம் பூசை முடிந்து, இத்தாலிய ஊரான ப்ராத்தோவின் பாதிக் குடும்பங்கள் நேராக இங்கேதான் வருகின்றன. கடவுளிடம் அடக்கமாக இருந்துவிட்டு வருகிறவர்களுக்குப் பசி அதிகம்.

“இருபத்திநாலு மீன் உருண்டையா? ரெண்டே பேருக்கா?” பதினாறாம் மேசையில் மனைவியோடு உட்காரும் முடிதிருத்துபவர் வன்னூச்சியிடம் நோரினா கேட்பது சாலை வரைக்கும் கேட்கும். முப்பது வருடம் தறிகளுக்கு நடுவே நின்றதில் அவருடைய இடது காது போய்விட்டது. தன் காதுக்கு எட்டுவதுபோல்தான் ஊரோடு பேசுவார்.

“காசு குடுத்துட்டுத்தானே உக்காந்திருக்கேன், நோரினா?”

“வயித்துக்கும் சேத்தா குடுத்த? தின்னாம வச்சா அதுக்கு வேற தனியா காசு அழுவ. பன்னெண்டு போதும். உன் பொண்டாட்டி மூஞ்சியப் பாரு, அதுவே சொல்லுது.”

சொல்லிக்கொண்டே குனிந்து மீதிப் பன்னிரண்டை அழித்துவிடுவார். மூக்கு நுனியால். வேடிக்கைக்காக இல்லை. தறி நூல் தேய்த்த விரல்ரேகைகளைப் பிறகு வந்த சலவைக் காரம் வழித்துத் துடைத்துவிட்டது. அவர் விரலை வைத்தால் டேப்லெட் திரை அசையாது. எதிரில் ஆளே இல்லாததுபோல் சும்மா இருக்கும். அதனால் மூக்கு. ஞாயிறு முடிவதற்குள் எல்லா டேப்லெட்டிலும் ‘ரத்து’ என்ற இடத்தில் ஒரு பொட்டு முகப்பவுடர் ஒட்டியிருக்கும்.

முன்னங்கிப் பையில் ஒரு சாவிக்கொத்து. மூடிப்போன தறிக்கூடத்தின் சாவிகள். இப்போது அவை எந்தப் பூட்டையும் திறக்காது. உப்பு சிந்தினாலோ, கண்ணாடி டம்ளர் விரிசல் விட்டாலோ, கருப்பு வண்டி ஒன்று வாசலைக் கடந்தாலோ, கை தானாகப் பைக்குள் போய் இரும்பைத் தொட்டு வரும். இரும்பைத் தொட்டால் கெட்டது அண்டாது என்பது இந்த ஊர் நம்பிக்கை.

எங்கள் கூடத்தில் பதினேழாம் எண் மேசை கிடையாது. அது இந்த ஊர்க்காரர்களுக்கு ஆகாத எண், போட்டால் உட்கார மாட்டார்கள். நாலாம் எண்ணும் கிடையாது. சீனர்களான எங்களுக்கு அது சாவு எண். போட்டால் பெரியம்மா உயிரோடு இருக்க மாட்டார். பதினேழு இருக்கவேண்டிய இடத்தில் மீன்தொட்டி. நாலு இருக்கவேண்டிய இடத்தில், கழிவறைக்குப் போகும் வழியில், ஆள் உயரக் கண்ணாடி. அந்த இரண்டு எண்ணுக்குரிய டேப்லெட்டுகள் கல்லாவுக்குக் கீழே இழுப்பறையில் ரப்பர் வளையங்களோடு கிடக்கும்.

போன வருடம், பரிமாறுவதற்கு ஒரு இயந்திரப் பூனை வந்தது. இடுப்பு உயரம், உருளும் கால்கள், மூன்று அடுக்குத் தட்டு, முகத்தில் சிரிக்கும் இரண்டு கண்கள். கேட்ட மேசையின் எண் அதற்குத் தானாகப் போய்ச் சேரும். சமையல்காரர் தட்டை வைத்தால் போதும், கொண்டுபோய் நின்று, “உங்க சாப்பாடு வந்தாச்சு, மியாவ்” என்று கொஞ்சும். அதைப் பழக்க வந்தவர் ஒன்று முதல் இருபது வரை எல்லா இடத்தையும் காட்டிவிட்டுப் போனார். பெரியம்மா இரண்டு மேசைகளைக் கூடத்திலிருந்துதான் எடுத்தார். பூனையின் மனதிலிருந்து எடுக்கவில்லை.

ஒரு நாள் பெரியம்மா தொலைபேசியில் எங்கள் பாஷையில் பேசிக்கொண்டிருந்தார். “மாசக் கடைசி ஞாயித்துக்கெழம வாங்க, ரெண்டாவது பூனைக்குக் கையெழுத்துப் போட்டுடறேன். அது வந்துட்டா இந்தக் கிழவி எதுக்கு? பூனைக்குக் கால் வீங்காது.” இரண்டடி தள்ளி நோரினா டம்ளர் துடைத்துக்கொண்டு ஏதோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டிருந்தார். அவருக்கு வயது ஐம்பத்தொன்பது. இன்னும் மூன்று வருடம் வேலை பார்த்தால்தான் ஓய்வூதியம். அதற்குமுன் நிறுத்தினால் அவரை எடுத்துக்கொள்ள இந்த ஊரில் இன்னொரு கூடம் இல்லை.

அடுத்த ஞாயிறு, மதியம் ஒன்றரை மணி. வெயில் மேசைவிரிப்புகளில் அடிக்கிறது, குழந்தைகள் அலறுகின்றன. பூனை உள்ளேயிருந்து ஒரு தட்டுக் கொழுக்கட்டையோடு வந்தது. பதினாறைத் தாண்டியது. பதினெட்டுக்குப் போகவில்லை. மீன்தொட்டிக்கு முன்னால் நின்று, தண்ணீரைப் பார்த்துச் சொன்னது: “உங்க சாப்பாடு வந்தாச்சு, மியாவ்.”

யாரும் எடுக்கவில்லை. மறுபடி சொன்னது. மீன்கள் ஒவ்வொன்றாக வந்து கண்ணாடிப் பக்கம் வரிசையாக நின்றன. மேசை மேசையாகப் பேச்சு அடங்கியது.

“நோரினா, மீனுங்க ஆர்டர் பண்ணிருக்கு போல” என்றார் வன்னூச்சி. சிரிப்பு வரவில்லை, அவருக்கே.

நோரினா தட்டோடு வந்த துண்டுச்சீட்டை எடுத்துப் பார்த்தார். மேசை 17. கை பைக்குள் போனது. பிறகு தொட்டியைப் பார்த்து, சாலை வரைக்கும் கேட்கும் தன் குரலில், “யாருக்கு?” என்றார்.

அனுப்பியது நான்தான். மூன்றாம் மேசையில், பள்ளிக்கூடப் பையை மடியில் வைத்து, பையின் இருட்டுக்குள் பதினேழாம் டேப்லெட்டை வைத்து. பூனைக்குப் பைத்தியம் என்று ஆகிவிட்டால் இரண்டாவது பூனையை யார் வாங்குவார்கள்? எட்டாம் வகுப்பில் இரண்டு வருடம் உட்கார்ந்த மூளைக்கு இது போதாதா?

இரண்டாம் ஞாயிறு, அதே ஒன்றரை. இந்த முறை நோரினா ஒரு நாற்காலியைத் தூக்கி வந்து தொட்டிக்கு முன்னால் போட்டார். கைத்துண்டை மடித்து வைத்தார்.

“யாரா இருந்தாலும் வந்தவங்கள நிக்க வைக்கக் கூடாது” என்றார், எவரிடமும் இல்லை. வெற்று நாற்காலிக்கு முன்னால் ஆவி பறந்து, தணிந்து, நின்றது. ஒரு மணி நேரம் கழித்துத் தட்டை எடுக்கும்போது கொழுக்கட்டைகளை எண்ணிப் பார்த்ததையும் நான் பார்த்தேன். வன்னூச்சி மனைவியோடு ஐந்தாம் மேசைக்கு மாறிவிட்டார். பதினாறும் பதினெட்டும் காலி.

பெரியம்மா மட்டும் அசையவில்லை. “பதினேழா? அது இவங்க ஊருப் பயம், எனக்கென்ன? மிஷின்ல ஏதோ கோளாறு. புதுசு வர்றப்ப இதையும் சரி பண்ணிடச் சொல்றேன்.”

மூன்றாம் ஞாயிறு, பூனை தொட்டிக்கு முன்னால் நின்ற நேரம், நோரினா ஏழு தட்டுகளோடு வந்துகொண்டிருந்தார். தட்டு ஒன்று ஆடியது. மிக மெல்லிய ஓசை. பீங்கானும் பீங்கானும், பல் கிட்டுவதுபோல. கூடத்தில் அதைக் கேட்டவர்கள் இருவர். நானும் பெரியம்மாவும்.

“பாரு, கை நடுங்க ஆரம்பிச்சிருச்சு” என்றார் பெரியம்மா என்னிடம், எங்கள் பாஷையில். நான் பையின் வாயை இழுத்து மூடினேன்.

நாலாம் ஞாயிறு, மாதக் கடைசி. பூனை விற்பவர் எட்டாம் மேசையில் தேநீரோடு உட்கார்ந்தார், அவரும் எங்களைப்போல் சீனர்தான். பெரியம்மா பேனாவைத் திறந்து தாள்களை ஒவ்வொன்றாகத் திருப்பினார். எதையும் அனுப்புவதில்லை என்று நான் முடிவு செய்திருந்தேன். பதினேழை ஓசைப்படாமல் இழுப்பறையில் திரும்ப வைத்துவிடலாம் என்று பைக்குள் கைவிட்டேன். ஒரு நோட்டு, ஒரு ஆரஞ்சுத் தோல். டேப்லெட் இல்லை.

சுவர்க் கடிகாரத்தில் ஒன்றரை.

பூனை வந்தது. தொட்டிப் பக்கம் திரும்பும் என்று பார்த்தேன். திரும்பவில்லை. எதிர்ப்பக்கம் உருண்டு, கழிவறை வழியில் போய், நாலாம் மேசை இருக்கவேண்டிய இடத்தில், ஆள் உயரக் கண்ணாடிக்கு முன்னால் நின்றது. ஒரு பூனையை இன்னொரு பூனை பார்த்தது. தட்டில் ஒரு கிண்ணம் வெள்ளைச் சோறு. சோற்றின் நடுவே, சாப்பிடும் குச்சிகள் இரண்டு செங்குத்தாகக் குத்தி நின்றன.

எங்களில் அப்படிக் குத்தி நிறுத்துவது ஒருவருக்குத்தான். அவர் படமாகிச் சுவரில் இருப்பார், முன்னால் ஊதுவத்தி எரியும்.

“உங்க சாப்பாடு வந்தாச்சு” என்றது பூனை, கண்ணாடியிடம். “மியாவ்.”

பேனா உருண்டு தரையில் விழுந்தது. விற்பவர் எழுந்தேவிட்டார். “அக்கா, இன்னொரு நாள் பாத்துக்கலாம்.” வாசல் வரை அவர் முதுகைக் காட்டவில்லை, கண்ணாடியைப் பார்த்தபடியே பின்னோக்கி நடந்தார். பெரியம்மா தாளை நாலாகக் கிழித்து, நாலு என்று உணர்ந்து, ஐந்தாகும்படி இன்னொருமுறை கிழித்தார். ஒரு மேசைவிரிப்பை உருவிப் பூனையின் தலையை மூடினார்.

“நோரினா! நாளைலேருந்து எல்லாத் தட்டையும் நீயே எடுத்துட்டு வா. கேட்டுச்சா? நீ மட்டும்!”

“கேட்டுச்சு, கேட்டுச்சு. எனக்குத்தானே காது போச்சு, நீ எதுக்குக் கத்துற?” என்றார் நோரினா. ஏழு தட்டோடு ஒன்பதாம் மேசைக்குப் போனார். ஒன்றுகூட ஆடவில்லை.

எல்லோரும் போன பிறகு, நாலு மணி வெயிலில், அவர் என் மேசைக்கு வந்து ஒரு தட்டுக் கொழுக்கட்டையை வைத்து எதிரில் உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை.

“வெங்காயத்தாள் போடலடி, சுண்டெலி. சாப்பிடு.”

சாப்பிட்டேன்.

“பதினேழாம் மேசைக்காரருக்கும் வெங்காயத்தாள் ஆகாது போலருக்கு” என்றார். “போன வாரந்தான் சீட்ட ஒழுங்காப் படிச்சேன். செத்துப்போனவங்க எதுக்குடி வெங்காயத்தாள் வேணாம்னு குறிச்சு அனுப்பப் போறாங்க?” முன்னங்கிக்குள்ளிருந்து பதினேழாம் டேப்லெட்டை எடுத்து மேசைமேல் வைத்தார். “உன் பைய எடுத்து மாட்டுனப்ப கனமா இருந்துச்சு. உன் பையில புஸ்தகம் இருக்காதுன்னு இந்த ஊருக்கே தெரியும்.”

“உங்களுக்காகத்தான்…”

“தெரியும். பதினோரு வருஷமா உன் பெரியம்மா போன்ல கத்துறத ஒத்தக் காதால கேக்குறேன். கிழவிங்கிற சொல்லு எனக்குப் புரியாதா? ஆனா நீ யாரப் பயமுறுத்துன? என்னை. வன்னூச்சிய. மூணு ராத்திரி தூங்கல நான். கையெழுத்துப் போடப்போறவ பயப்படணும், மண்டு. அவளுக்குப் பதினேழு என்ன பண்ணும்?”

பதினேழுக்குப் பக்கத்தில் இன்னொன்றை வைத்தார். நாலு. ‘அனுப்பு’ என்ற இடத்தில் ஒரு பொட்டு முகப்பவுடர்.

எனக்குச் சிரிப்பு பீறிட்டது. “சோறுகூடப் பரவால்ல நோரினா. அந்தக் குச்சிங்க! அத யாரு உங்களுக்குச் சொல்லிக் குடுத்தா?”

அவர் சிரிக்கவில்லை.

“நான் சோறு மட்டுந்தான் கேட்டேன். குச்சி உன் வேலைன்னுல்ல நெனச்சேன்.”

நான் இல்லை என்று தலையை ஆட்டினேன். மூன்றாம் மேசையைவிட்டு எழுந்திருக்கவே இல்லை. சமையல்காரரோ, அப்படிக் குத்துவதற்குமுன் தன் விரலை வெட்டிக்கொள்வார்.

வன்னூச்சியின் டேப்லெட்டை எட்டிப் பார்ப்பதுபோல என் முகத்தை நோரினா எட்டிப் பார்த்தார். அழிப்பதற்கு அதில் ஒன்றும் கிடைக்கவில்லை. கழிவறை வழியில் விரிப்பு மூடிய பூனை கண்ணாடியைப் பார்த்தபடி நின்றது. நோரினா பையிலிருந்து சாவிக்கொத்தை எடுத்தார். இறுக்கிப் பிடித்திருந்தார். பிறகு கொழுக்கட்டைத் தட்டை ஓரம் தள்ளி, பிடியை விடாமலே, நானும் தொடுவதற்காகச் சாவிக்கொத்தின் மறுபாதியை என் பக்கம் நீட்டினார்.