வாய் திறக்கும் வரை

1. மிக்ஸி

முதல் நாளே நஸ்ரின் என் புடவையில் துப்பினாள். பத்து மாதக் குழந்தை. வேங்கிக்காலில், அரசு அலுவலகங்களுக்குப் பின்தெருவில் எங்கள் குழந்தைகள் காப்பகம். காலையில் அவளை விட்டுவிட்டு அம்மா பர்வீன் ஆபீசுக்கு ஓடுவாள். டைப்பிஸ்ட் வேலை, கிடைத்து ஒரு மாதம்கூட ஆகவில்லை.

அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம் மிக்ஸிதான். சோறு, பருப்பு, கேரட், எல்லாம் ஒரே கூழ். குழந்தையை இடுப்பில் தூக்கி ஜன்னலோரம் போவேன். "மலை பாரு, மலை மேல மேகம் பாரு." இந்த ஊரில் மலையைக் காட்டித்தான் ஊட்டுகிறோம். வாய் பிளக்கும் நொடியில் ஸ்பூன் உள்ளே போய்விடும். நஸ்ரின் மலையைப் பார்த்தாள், மேகத்தைப் பார்த்தாள். வாயை மட்டும் திறக்கவில்லை.

இரண்டு நாள் டிபன் பாக்ஸ் அப்படியே திரும்பிப் போனது. செவ்வாய் மாலை பர்வீன் வாசலிலேயே நின்றாள்.

"வூட்ல ஒரே பேச்சுக்கா. வெள்ளிக்கெழம வரைக்கும் பாரு, பாப்பா சாப்புடலன்னா வேலைய வுட்டுடுன்றாரு வூட்டுக்காரரு."

2. கிழங்கு

புதனன்று எனக்காக அவித்த சர்க்கரைவள்ளியை விரல் நீளத்துக்கு நறுக்கி வைத்திருந்தேன். பக்கத்தில் ஃபீடிங் சேரில் நஸ்ரின். கூழை ஆற்றத் திரும்பினேன். அதற்குள் ஒரு துண்டு அவள் பிடியில். கசக்கினாள், மூக்கில் தேய்த்தாள், வாயில் வைத்தாள். உடனே ஓங்கரித்தாள். பதறிப்போய் விரலை அவள் வாய்க்குள் விடப் போனேன்.

"கைய வுடாதக்கா." கூட வேலை பார்க்கும் சாந்தி என் மணிக்கட்டைப் பிடித்தாள். "இருமுறா பாரு. சத்தம் வருதில்ல, தானே தள்ளிடுவா. நீ தோண்டுனா உள்ள போயிடும். சத்தமே வரலன்னாத்தான் குப்புறப் போட்டு முதுகுல தட்டணும். ட்ரெய்னிங்ல நர்ஸம்மா சொன்னப்ப நீ தூங்கிக்கினு இருந்த."

துண்டு நாக்கு நுனிக்கு வந்து மடியில் விழுந்தது. நஸ்ரின் அதை உற்றுப் பார்த்தாள். எடுத்து, மறுபடி வாயில் வைத்தாள்.

அன்று மிக்ஸியைக் கழுவிக் கவிழ்த்தேன்.

3. வெள்ளி

வெள்ளி மதியம் பர்வீன் சொல்லாமல் வந்து நின்றாள். குழந்தையின் தலையில் பருப்புச் சோறு, காதில் கேரட்.

"இன்னாக்கா இது? மேலதான் இருக்குது சாப்பாடு, வயித்துல இன்னா இருக்கும்?"

அதற்குள் நஸ்ரின் ஒரு இட்லித் துண்டை என் உதட்டருகே நீட்டினாள். எச்சில் ஊறிய துண்டு. என்னை அறியாமல் வாயை இறுக்கிக்கொண்டேன். அவள் திணிக்கவில்லை. மலையைக் காட்டவில்லை. நீட்டிய கையை மடக்காமல், என் உதட்டையே பார்த்துக் காத்திருந்தாள். நான் ஒரு குழந்தைக்கும் அப்படிக் காத்திருந்ததில்லை.

வாயைத் திறந்தேன். வைத்தாள், சிரித்தாள். அடுத்த துண்டைத் தானே தின்றாள்.

பர்வீன் தரையில் உட்கார்ந்து, வீட்டுக்காரருக்கு வீடியோ கால் போட்டு போனை நீட்டினாள். "பாருங்க, யாரும் ஊட்டல. அவளே சாப்புடறா."

மறுமுனையில் அவர் குனிந்து குழந்தையைப் பார்த்தார். பிறகு, "சரி, காதக் கழுவி வுடு. திங்கக்கெழம உனக்கு ஆபீஸ் இருக்கில்ல."

புதிதாக வேலைக்கு வருபவர்களே, விரலில் நசுங்கும் பதம், முழுக் கடலையும் திராட்சையும் கூடாது, பக்கத்தை விட்டு எழக் கூடாது: இவற்றைச் சாந்தி எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கிறாள். அதன் கீழே ஒரு வரி என் கையெழுத்தில் இருக்கும்: வாய் திறக்கும் வரை கை நிற்கட்டும்.