தோல் காய்ந்த கேபிள்

ஆம்பூரில் எங்கள் வீட்டுக்கு வரும் ஃபைபர் கேபிள், அப்பா வேலை செய்யும் தோல் பதனிடும் டேனரியில், தோல் காயப்போடும் முற்றத்தைத் தாண்டித்தான் வருகிறது. என் பிஎச்டி வைவாவை, அதாவது கடைசி வாய்மொழித் தேர்வை, வீட்டிலிருந்தே ஆன்லைனில் கொடுத்தேன். ஆய்வு சாலிட்டானைப் பற்றியது. கண்ணாடி இழைக்குள் எவ்வளவு தூரம் ஓடினாலும் பரவிச் சிதறாத ஒளித்துடிப்பு அது. தகவலை அதில் ஏற்றி அதிவேகமாக அனுப்பலாம். “வடிவம் கலையவே கலையாது” என்று தேர்வாளர்களிடம் அடித்துச் சொன்னேன். அந்த நொடியே திரை உறைந்தது. மோடத்தில் சிவப்பு விளக்கு எரிந்தது.

கேபிள் வரும் வழியே டேனரி முற்றத்துக்கு ஓடினேன். கேபிள் மேல் ஓர் ஈரத்தோல் தொங்கியது. அதன் கனத்தில் கேபிள் மடங்கி, வெளிச்சம் வழியிலேயே கசிந்துபோயிருந்தது. பக்கத்தில் அடுத்த தோலோடு அப்பா நின்றிருந்தார்.

“இன்னாப்பா இது, துணி காயப்போடுற கொடியா? அறிவில்ல உனக்கு?” கூட வேலை செய்கிறவர்கள் எதிரிலேயே கத்தினேன்.

“கொடியெல்லாம் ரொம்பிடுச்சு. இது கெட்டியா இருக்கேன்னு போட்டேன்.” தொங்கிய தோலை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். “ஆறு வருசமா படிக்கிறியே, இதுக்குள்ள இன்னா போவுதுன்னு எங்கிட்ட ஒரு தபா சொல்லியிருக்கியா?”

தேர்வாளர்களின் கேள்விகளுக்கு இன்னொரு நாள் பதில் சொல்லிப் பட்டம் வாங்கிவிட்டேன். அப்பாவின் கேள்விக்கு இன்னும் சொல்லவில்லை.