கல்வராயன் பாறையும் பச்சைச் சுடிதாரும்

காலை ஆறரை மணி. கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்தில் இறங்கும்போதே முதுகு விட்டுப்போயிருந்தது. கல்வராயன் மலைக்கு இது மூன்றாவது நடை. இந்த முறையும் அளவு சரியாக வராவிட்டால் ஆய்வேட்டிலிருந்து ஒரு அத்தியாயத்தையே எடுத்துவிட வேண்டும் என்று என் பேராசிரியர் சொல்லிவிட்டார்.

வாடகைக் காரோட்டி யூசுப் போன இரண்டு முறையும் என்னை அழைத்துப் போனவர். அவருடைய அண்ணனின் ஜவுளிக் கடையிலிருந்து வெள்ளிமலையில் போட வேண்டிய துணி மூட்டை பின்சீட்டில் கிடந்தது.

"மறுபடியும் அதே கல்லாங்க மேடம்?"

"அதே கல்லுதான்."

"அந்தக் கல்லுக்கே உங்கள அடையாளம் தெரிஞ்சிருக்கும்."

கச்சிராயபாளையம் தாண்டியதும் ஏற்றம். என் ஆராய்ச்சி வானத்தில் சுற்றும் ஒரு சிறுகோளைப் பற்றியது. அதன்மேல் பட்டுத் திரும்பும் வெயிலை நிறம் நிறமாகப் பிரித்துக் கோடாக வரைந்தால், எந்த இடத்தில் ஒளி குறைகிறது என்பதை வைத்து அங்குள்ள கனிமத்தைச் சொல்லிவிடலாம். அதே கனிமம் கல்வராயன் பாறையிலும் உண்டு. ஆகவே இரண்டு கோடும் ஒத்துப்போக வேண்டும். போகவில்லை. பாறையின் கோட்டில் மட்டும், பச்சை வரும் இடத்தில், ஒரு சின்ன மேடு. ஆறு மாதமாக என் தூக்கத்தைக் கெடுத்த மேடு.

பதினொன்றே கால். சாலையோரப் பாறைமேல் ஒளியை அளக்கும் கருவியைப் பிடித்துக் குனிந்தேன். மேடு மறுபடியும் வந்தது. அழுகை முட்டிக்கொண்டு வர, அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

யூசுப் கருவியின் திரையை எட்டிப் பார்த்தார். "இன்னாங்க, கம்மியா காட்டுதா?"

"பச்சை ஜாஸ்தியா இருக்கு."

என்னையும் பாறையையும் மாறி மாறிப் பார்த்தார். "கடையில பச்சப் பொடவ பக்கத்துல வேற துணிய விரிச்சா, அதுவும் பச்சயாத்தான் தெரியும். அதான் தனியா வெயிலுக்கு எடுத்துகினு போய் காட்டுவோம். நீங்க மூணு தபாவும் இதே பச்ச சுடிதார்லதான வந்துகினு இருக்கீங்க?"

ஜேப்பு வைத்த சுடிதார் என்னிடம் இது ஒன்றுதான். உடையின் நிறம் பாறைமேல் பட்டு அளவைக் கெடுக்காமலிருக்கக் கறுப்பு உடை அணிய வேண்டும் என்று கருவியின் கையேட்டில் இருக்கிறது. படித்தும் இருக்கிறேன். வெட்கத்தில் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அவர் மூட்டையைப் பிரித்தார். சபரிமலைக்கு மாலை போடுகிறவர்களுக்கான கறுப்பு வேட்டிகள். இரண்டை நானே விலைக்கு வாங்கி, கழுத்திலிருந்து கால்வரை சுற்றிக்கொண்டு அளந்தேன். மேடு இல்லை. பாறையின் கோடு சிறுகோளின் கோட்டோடு போய் ஒட்டிக்கொண்டது.

மாலை நான்கு மணிக்குச் சேலம் பேருந்தில் உட்கார்ந்தேன். அத்தியாயம் பிழைத்தது. ஆனால் சந்தோஷப்படக்கூடத் தெம்பில்லை. ஆறு மாதமாகச் சிறுகோளைச் சந்தேகப்பட்டேன், பாறையைச் சந்தேகப்பட்டேன், கருவியை இரண்டு முறை கழற்றி மாட்டினேன். ஒரு தடவைகூட நான் என்ன உடுத்தியிருக்கிறேன் என்று குனிந்து பார்க்கவில்லை.