தெரியாது என்பதற்குச் சான்று

வேதிப் பொறியியல் நான்காம் ஆண்டின் கடைசிப் பருவத்துக்குப் பாடங்களைப் பதிவு செய்ய உட்கார்ந்தேன். சிங்கப்பூரில் நான் படித்த பல்கலைக்கழகத்தின் இணையப் பக்கத்தில், பட்டம் வாங்க என்னென்ன முடித்திருக்க வேண்டும் என்று ஒரு பட்டியல் உண்டு. முடித்தவற்றுக்கு எதிரே பச்சை டிக் விழும். என் பட்டியல் பச்சையாகவே இறங்கி வந்து, அடியில் ஒரே ஓர் இடத்தில் சிவப்பாக நின்றது. மொழிப்பாடம், நான்கு யூனிட். ஆங்கிலமும், பள்ளியில் தாய்மொழிப் பாடமாகப் படித்ததும் தவிர, வேறு ஏதாவது ஒரு மொழியை ஒரு பருவம் படித்திருக்க வேண்டும்.

இது எனக்குத் தெரியாமல் இல்லை. அதற்கு முன் மூன்று பருவங்களில் ஜப்பானிய மொழிக்குப் பதிந்திருந்தேன். மூன்று தடவையும் இடம் ஒதுக்கும் குலுக்கலில் என் எண் விழவில்லை. நாலாவது தடவை விழுந்துவிடும் என்று இருந்தேன். நிகழ்தகவுப் பாடத்தில் ஏ வாங்கிய ஒருத்தி அப்படி இருந்திருக்கக்கூடாது.

நாலாவது தடவையும் விழவில்லை. கொரிய மொழிக்குக் காத்திருப்போர் வரிசையில் எனக்கு அறுபத்தொன்றாவது இடம். ஜெர்மன் வகுப்பு என் ஆலை வடிவமைப்புப் பாடத்தோடு மோதியது. மலாய்ப் பாடத்தில் இடம் இருந்தது, ஆனால் பள்ளியில் நான் தாய்மொழிப் பாடமாகப் படித்ததே மலாய்தான். ஜூரோங்கில் ஒரு ரசாயன ஆலை ஜூலை மாதம் வேலைக்கு வரச் சொல்லியிருந்தது. பட்டம் முடித்த கடிதத்தோடு வர வேண்டும் என்பது நிபந்தனை.

நேரமும் மோதாமல், இடமும் காலியாக இருந்தது ஒரே ஒரு பாடம். தமிழ், முதல் நிலை. அறவே தெரியாதவர்களுக்கு.

பதிவுப் படிவத்தில் இரண்டு கேள்விகள். இந்த மொழியைப் பள்ளியில் படித்ததுண்டா? இல்லை என்று போட்டேன். வீட்டில் பேசுகிறீர்களா? ஆம் என்று போட்டேன். திரை அங்கேயே நின்றுவிட்டது.

மறுநாள் பாடப்பதிவு அலுவலகத்துக்குப் போனேன். முகப்பில் இருந்த சீனப் பெண்மணி என் திரையைத் திருப்பிப் பார்த்தார். ஆங்கிலத்தில்தான் பேசினோம்.

"ஏன் ஆம்னு போட்டீங்க?"

"பேசுறோமே."

"இல்லைன்னு போட்டிருந்தா இந்நேரம் உள்ள போயிருக்கும் லா." குற்றம் சொல்வதாக இல்லை, தகவலாகத்தான் சொன்னார். பிறகு, "சரி, பேசத் தெரியும்னா மூணாம் நிலைக்குப் போங்க. அதுவும் நாலு யூனிட்தான்" என்றார்.

"அதுல கட்டுரை எழுதணும். எனக்கு எழுத்தே தெரியாது."

"பேசுவீங்க, ஆனா எழுத்து தெரியாது."

"ஆமா."

அவர் கணினியில் எதையோ தேடினார். அப்படி ஒரு வகை அதில் இல்லை. தமிழ் விரிவுரையாளரைப் பார்த்து நிலை அறியும் தேர்வு எழுதச் சொல்லி ஒரு சீட்டு கொடுத்தார்.

விரிவுரையாளர் தமிழ்நாட்டிலிருந்து வந்து சில ஆண்டுகள் ஆனவர், ஐம்பது வயதிருக்கும். என்னை உட்கார வைத்து, அச்சுத் தமிழில் நீளமாக ஏதோ கேட்டார். எனக்குப் பாதி விளங்கியது. "சார், கொஞ்சம் மெதுவா சொல்லுங்க, நான் தமிழ்ப் பாடம் படிச்சதில்ல, வீட்ல பேசுறதோட சரி" என்றேன். இந்த வாக்கியம்தான் எனக்கு வினையாக அமைந்தது. அதைத் தடங்கலில்லாமல் சொல்லிவிட்டேன்.

ஒரு தாளை என் முன் வைத்தார். அதில் ஒரு பத்தி இருந்தது. நான் மேலிருந்து கீழே பார்த்தேன். கடைசியில் ஓர் எழுத்தின் மேல் விரல் வைத்தேன்.

"இது தெரியும் சார். மூணு புள்ளி. எங்க ஸ்டேஷன் போர்டுல இருக்கும்."

நாங்கள் இருப்பது ஃபேரர் பார்க்கில். ரயில் நிலையத்தின் பெயர் அந்த மூன்று புள்ளியில்தான் தொடங்கும்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "இதோ பாருங்கம்மா. ஒவ்வொரு வருஷமும் யாராவது வர்றாங்க. தமிழ் நல்லாத் தெரிஞ்சவங்க. ஒண்ணும் தெரியாத மாதிரி உட்கார்ந்து சுலபமா ஏ வாங்கிட்டுப் போயிடறாங்க. நீங்களும் நடிக்க வேண்டாம்."

"நடிக்கல சார்."

"அப்போ பள்ளிச் சான்றிதழ் கொண்டு வாங்க. வீட்டுலயும் சொல்லித் தரலைன்னு பெற்றோர் கையெழுத்துல ஒரு கடிதம் வேணும். ரெண்டையும் பார்த்துட்டு முடிவு பண்றேன்."

வாப்பாவுக்கு ஜாலான் புசாரில் குழாய்ச் சாமான் கடை. அன்று மாலை நேராக அங்கே போனேன். ஒரு சீன ஒப்பந்தக்காரருக்கு வால்வு எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். ஒப்பந்தக்காரர் போகும்வரை காத்திருந்து விஷயத்தைச் சொன்னேன்.

"தமிழ் தெரியாதுன்னு லெட்டர் வேணுமா?"

"எழுதப் படிக்கத் தெரியாதுன்னு வாப்பா."

"யாருக்கு?"

"எனக்கு."

வாப்பா அரை அங்குலக் குழாய் வளைவுகள் கிடந்த பெட்டியிலிருந்து இரண்டை எடுத்துப் பார்த்துவிட்டு, அதே பெட்டியில் போட்டார். கடையடைத்து இருவரும் வீட்டுக்கு வந்தோம். வீட்டில் உம்மா ஆவணங்கள் வைத்திருந்த பிளாஸ்டிக் கோப்பிலிருந்து என் பள்ளிச் சான்றிதழை எடுத்துக் கொடுத்தார். "மலாய்ல ஏ வாங்கியிருக்கா, அதையும் எழுதுங்க" என்று வாப்பாவிடம் சொன்னார். அது தேவையில்லை என்று நான் சொன்னதை உம்மா ஏற்கவில்லை.

காலையில் வாப்பா ஒரு உறையை மேசையில் வைத்துவிட்டுக் கடைக்குப் போயிருந்தார். பிரித்துப் பார்த்தேன். கடிதம் தமிழில் இருந்தது. என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமலேயே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

விரிவுரையாளர் ஒருமுறை மனதுக்குள் படித்தார். பிறகு, "உங்களுக்கு இதுல என்ன இருக்குன்னு தெரியுமா?" என்று கேட்டார். தெரியாது என்றேன். வாய்விட்டுப் படித்தார்.

'ஐயா, என் மகளுக்குத் தமிழ் எழுதவும் படிக்கவும் தெரியாது என்று உறுதி கூறுகிறேன். அவளை மலாய் வகுப்பில் சேர்த்தது நான். அவள் படித்த பள்ளியில் தமிழ் வகுப்பு இல்லை. தமிழுக்கு வேறு பள்ளிக்குப் போக வேண்டும் என்றார்கள். கூட்டிப்போக ஆள் இல்லை. பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தேன். பிறகு பார்க்கவில்லை. மலாயில் அவள் ஏ வாங்கியிருக்கிறாள். அவள் நடிக்கவில்லை. அவளுக்கு நடிக்க வராது.'

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. மேசையில் இருந்த ஸ்டேப்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"உங்க அப்பா கையெழுத்து நல்லா இருக்கு," என்றார். படிவத்தில் கையெழுத்துப் போட்டார். "ஒரு நிபந்தனை. முதல் ஆறு வாரம் வகுப்புல நீங்க வாயைத் திறக்கக்கூடாது. நீங்க பேசுறதைக் கேட்டா மத்தவங்க பயந்துடுவாங்க."

அப்படித்தான் தமிழ் வகுப்பில் தமிழ் பேசக்கூடாத ஒரே ஆளாகச் சேர்ந்தேன். மொத்தம் பதினைந்து பேர். பெரும்பாலும் சீனர்கள், ஒரு கொரியப் பெண். என்னைத் தவிர தமிழர் யாரும் இல்லை. 'என் பெயர்', 'இது மேசை' என்று எல்லாரும் சொல்லிக்கொண்டிருக்க, நான் பேசாமல் இருந்தேன். வகுப்பிலேயே பின்தங்கிய மாணவி நான்தான் என்று முடிவுகட்டியிருந்தார்கள். அது உண்மை என்பது மூன்றாம் வாரம் சொல்வதெழுதுதலில் தெரிந்தது. பத்துக்கு மூன்று.

பழத்தைப் 'பளம்' என்று எழுதியிருந்தேன். வீட்டில் அப்படித்தான் சொல்வோம். 'வந்துவிட்டேன்' என்று அவர் சொன்னது என் காதில் 'வந்துட்டேன்' என்று விழுந்து, தாளிலும் அப்படியே விழுந்தது.

"காதுல கேட்டதை எழுதாதீங்கம்மா," என்றார்.

"வேற எதை சார் எழுதுறது?"

"மத்தவங்க காதுல கேட்டதை எழுதலாம். உங்க காது ஏற்கெனவே நிரம்பியிருக்கு."

என் பக்கத்தில் உட்கார்ந்தவர் ஒரு பல் மருத்துவ மாணவர். சீனர். அவர் பயிற்சி செய்யும் மருத்துவமனைக்குத் தமிழ் முதியவர்கள் வருவதால் இதை எடுத்ததாகச் சொன்னார். சொல்வதெழுதுதலில் அவருக்குப் பத்துக்கு ஒன்பது. அவர் எனக்கு எழுத்துச் சொல்லிக்கொடுப்பது, நான் அவர் உச்சரிப்பைத் திருத்துவது என்று ஒப்பந்தம். உணவங்காடியில் உட்கார்ந்து, ணகரத்துக்கு எத்தனை சுழி என்று எனக்கு விரலால் மேசையில் போட்டுக் காட்டுவார்.

"வாயைத் திறவுங்கள். சரியா?" என்று ஒருநாள் கேட்டார்.

"அப்படிச் சொன்னா பயந்துருவாங்க. 'வாயை நல்லாத் திறங்க'ன்னு சொல்லுங்க."

இரண்டையும் எழுதிக்கொண்டார். ஒன்று பரீட்சைக்கு, ஒன்று பல்லுக்கு.

ஐந்தாம் வாரத்தில் எழுத்துகள் சொல்லாகக் கூட ஆரம்பித்தன. சிராங்கூன் சாலையில் நடக்கும்போது ஒவ்வொரு கடைப் பலகையின் முன்னாலும் நின்று எழுத்துக் கூட்டுவேன். 'நகை' படித்து முடிக்கும் முன், உள்ளே இருந்து ஆள் வந்து என்ன வேண்டும் என்று கேட்டுவிடுவார். பழக்கடைக்கு முன்னால் ழகரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அதை வாழ்நாள் முழுவதும் தவறாகச் சொல்லிவந்திருக்கிறேன், ஒருவரும் சொல்லவில்லை.

ஒரு சனிக்கிழமை வாப்பா கடைக்குப் போனேன். வாடிக்கையாளர்கள் சொல்லிவைத்த சாமான்களை வாப்பா தனித்தனிப் பெட்டியில் போட்டு, மேலே தமிழில் எழுதி ஒட்டி, பின்சுவர் அலமாரியில் அடுக்குவார். சின்ன வயதிலிருந்து அதைப் பார்த்திருக்கிறேன். பொருளின் பெயராக இருக்கும் என்று நினைத்திருந்தேன். அன்று முதல் பெட்டியை எழுத்துக் கூட்டினேன்.

"ப... பச்... பச்சைச் சட்டைக்காரர். பேச... பேச ஆரம்பிச்சா விடமாட்டார்."

கல்லாவில் இருந்த வாப்பா நிமிர்ந்தார்.

அடுத்த பெட்டி. "கோபக்காரர். முதல்ல தண்ணி கொடுக்கணும்."

"அதெல்லாம் படிக்காதேம்மா."

"மூக்குக் கண்ணாடி. வாங்க மாட்டார், சும்மா சொல்லிவைப்பார்."

"சொல்றேன்ல. இங்க வா, டேப் சுருளை எண்ணு."

கடைக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் சீனர்கள். கடைப்பையன்கள் வங்காளதேசத்துக்காரர்கள். இருபது வருடமாக வாப்பா எல்லார் கண்ணெதிரிலும், எவருக்கும் தெரியாமல், மனதில் பட்டதை எழுதி ஒட்டிவந்திருக்கிறார். நான் முதல் வாசகி. அன்று எனக்குத் தேநீர் வாங்கிக் கொடுத்தார். உம்மாவிடம் சொல்ல வேண்டாம் என்றார். மறுவாரம் போனபோது பெட்டிகளின் மேல் எண்கள் மட்டும் இருந்தன. அது எனக்கு வருத்தமாக இருந்தது.

ஏப்ரலில் பேச்சுத் தேர்வு. விரிவுரையாளரும் வெளியிலிருந்து வந்த ஒரு தேர்வாளர் அம்மாவும் இருந்தார்கள். சந்தைப் படம் ஒன்றைக் காட்டி விவரிக்கச் சொன்னார்கள். 'இது சந்தை. ஒரு பெண் தக்காளி வாங்குகிறாள்.' இந்த அளவு போதும். நான் ஆரம்பித்தேன்.

"ஒரு அக்கா தக்காளி வாங்குறாங்க. ஒவ்வொண்ணா அமுக்கிப் பார்க்குறாங்க. கடைக்காரருக்கு அது பிடிக்கல, ஆனா வாடிக்கை, அதனால சும்மா இருக்காரு."

தேர்வாளர் அம்மா சிரித்துவிட்டு மதிப்பெண்ணைக் குறைத்தார். எழுத்துத் தமிழில் சொன்னால்தான் மதிப்பெண் என்று தாளிலேயே போட்டிருந்தது.

சி பிளஸ் வந்தது. பல் மருத்துவ மாணவருக்கு ஏ. அவர் எனக்குக் காப்பி வாங்கிக் கொடுத்து வருத்தம் தெரிவித்தார். எனக்கு வருத்தமில்லை, தேறினால் போதும் என்றேன். அது முழு உண்மை இல்லை. என் நான்கு ஆண்டுப் பட்டியலில் ஒரே சி அது, அதுவும் தமிழில்.

தேறியும் அந்தச் சிவப்பு போகவில்லை. ஆலையிலிருந்து கடிதம் கேட்டு இரண்டாவது மின்னஞ்சல் வந்தபோது மறுபடியும் அலுவலகத்துக்கு ஓடினேன். அதே சீனப் பெண்மணி. வீட்டில் பேசும் மொழி என்று நான் பதிந்திருந்ததால் கணினி இந்த நான்கு யூனிட்டைச் சேர்க்க மறுக்கிறது என்றார்.

"முன்னால உங்களுக்குத் தமிழ் தெரியுமா?"

"பேசத் தெரியும்."

"இப்போ?"

"இப்போ எழுதவும் தெரியும். தப்பா எழுதுவேன்."

காரணம் கேட்கும் கட்டத்தில் அவர் நீளமாக ஏதோ தட்டினார், அழித்தார், 'விதிவிலக்கு' என்று ஒரே சொல்லைப் போட்டு ஒரு பொத்தானை அழுத்தினார். திரையைத் திருப்பிக் காட்டினார். பச்சை.

பட்டமளிப்புக்கு இரண்டு அனுமதிச் சீட்டுகள் கொடுத்தார்கள். வாப்பா கடையை அரைநாள் மூடினார். உம்மா அரங்கின் குளிருக்குச் சால்வை கொண்டுவந்து, அதை வாப்பா மேல் போர்த்திவிட்டார். என் முறை வந்து போக எட்டு நொடி ஆகியிருக்கும். இருவரும் படம் எடுக்கத் தவறிவிட்டார்கள். ஒருவர் எடுப்பார் என்று மற்றவர் இருந்திருக்கிறார்.

ஆலையில் சேர்ந்த இரண்டாம் மாதம், மேற்பார்வையாளர் என்னைக் கூப்பிட்டார். தமிழ்நாட்டிலிருந்து வந்த வெல்டிங் ஆட்கள் நாற்பது பேர் புதிதாகச் சேர்ந்திருந்தார்கள். பாதுகாப்பு அறிவிப்பைத் தமிழிலும் எழுத வேண்டும்.

"எனக்குத் தமிழ்ல சி பிளஸ்தான்," என்றேன்.

"இங்க வேற யாருக்கும் அதுவும் இல்ல," என்றார்.

மூன்று வரி. எழுத ஒரு பிற்பகல் ஆயிற்று. கணினியில் தட்டத் தெரியாததால் வெள்ளை அட்டையில் கையால் எழுதி, நுழைவாயிலில் நானே ஒட்டினேன். பொதுவில் வெளியான என் முதல் தமிழ் எழுத்து அதுதான். கொஞ்சம் தள்ளி நின்று, படிக்கிறார்களா என்று பார்த்தேன்.

ஒருவர் நின்று படித்தார். புதுக்கோட்டைப் பக்கத்துக்காரர் என்று பிறகு தெரிந்தது. இரண்டு தடவை படித்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"நீங்களா மேடம் எழுதுனது?"

"ஆமாண்ணே."

"நல்லா புரியுது," என்றார். சட்டைப் பையிலிருந்து இரும்பில் குறிபோடும் மார்க்கரை எடுத்து, 'தலைகவசம்' என்று நான் எழுதியிருந்த சொல்லில் 'லை'க்கும் 'க'வுக்கும் நடுவே ஒரு 'க்' நுழைத்தார். மூடியை மாட்டிக்கொண்டு உள்ளே போனார்.