ஞாயிற்றுக்கிழமை நல்லெண்ணெய்

டென்ஷன் குறையட்டும் என்று கம்பெனியில் இன்று தலை மசாஜ் செய்ய ஒரு பெண்ணை வரவழைத்திருந்தார்கள். சூடான நல்லெண்ணெயை அவள் என் உச்சியில் வைத்ததும், இப்போது லாரிகள் நிற்கும் பென்னலூர் மண்ணில் முன்பிருந்த எங்கள் ஒற்றை அறை வாடகை வீடு, அதன் ஆஸ்பெஸ்டாஸ் கூரைச் சூடு, ஞாயிற்றுக்கிழமை மட்டும் அவிழும் அம்மாவின் கொண்டை, வாரமெல்லாம் கம்பெனித் தொப்பி அவள் நெற்றியில் பதித்த கோடு எல்லாம் அந்த வாசனையோடு வந்துவிட்டன.

“இன்னும் அழுத்துடி, விண்ணு விண்ணுனு தெறிக்கிது” என்பாள் அம்மா. பின்னால் உட்கார்ந்து நான் அழுத்த அழுத்தத் தூங்கிப்போவாள்; மடியில் அவள் விரல்கள் மட்டும், கையில் இல்லாத கம்பெனி ஸ்க்ரூவை முடுக்கிக்கொண்டே இருக்கும். பயந்துபோய்ப் பிடித்து நிறுத்துவேன். விட்டதும் மறுபடி தொடங்கும்.

“அக்கா,” என்றாள் மசாஜ் செய்தவள், “கைய கொஞ்ச நேரம் சும்மா வெச்சிக்கினு இருங்களேன்.”