சிரிக்காமல் இருந்த வருடங்கள்

என் மகளுக்கு நான்கு வயது. அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு மாடிப்படி இறங்கிக்கொண்டிருந்தேன். மராட்டி பேசும் ஊரான தாபோடியில் அப்போது எங்கள் வீடு இரண்டாவது மாடி. எதிர்வீட்டுக்காரர் கதவைத் திறந்துகொண்டு பெரிதாக ஒரு தும்மல் போட்டார். மகள் என் காதருகே வந்து ரகசியமாக, “அங்கிள் மராட்டியில தும்முறாரு மா” என்றாள்.

வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். சிரிப்பு முடிவதற்குள் தாடை தளர்ந்தது, கழுத்து தொங்கியது, முழங்கால் இரண்டும் மடங்கின. இருவரும் ஐந்தாறு படிகள் உருண்டோம்.

எனக்கு மயக்கமில்லை. எல்லாம் கேட்டது. அவள் அலறுவது கேட்டது. அவள் மோவாயிலிருந்து ரத்தம் சொட்டுவதும் தெரிந்தது. ஆனால் ஒரு விரலைக்கூட அசைக்க முடியவில்லை. எதிர்வீட்டுக்காரர்தான் ஓடிவந்து குழந்தையைத் தூக்கினார். அதற்குப் பிறகுதான் என் கை அசைந்தது. அவள் மோவாயில் மூன்று தையல்.

என் கணவருக்குத் தளேகாவ் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை. சாயந்திரம் வந்தவர், “காலைல சாப்ட்டியா, இல்லியா?” என்று கேட்டார்.

“சாப்ட்டேன்.”

“அப்புறம் எப்டி வுழுவ?”

சிரித்ததால் விழுந்தேன் என்று எப்படிச் சொல்வது? யார் நம்புவார்கள்? ஆனால் எனக்குத் தெரியும். கல்யாணமாகி வேலூரிலிருந்து இங்கே வந்த புதிதில், தங்கை போனில் ஏதோ கிண்டல் செய்ய, சிரித்த சிரிப்பில் கையிலிருந்த காபி டம்ளர் நழுவியது. பக்கத்து வீட்டுக் கல்யாணத்தில் ஒருமுறை சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அதையெல்லாம் கூட்டிப் பார்த்து நானே ஒரு முடிவுக்கு வந்தேன். இனிமேல் சிரிக்கக் கூடாது.

அது பழகிவிட்டது. சிரிப்பு வரும்போல இருந்தால் உள்கன்னத்தைக் கடித்துக்கொள்வேன். எனக்குத் தெரிந்தவர்கள் யாராவது இறந்துபோனதை நினைத்துக்கொள்வேன். மகள் பள்ளிவிட்டு ஓடிவந்து, “அம்மா, இன்னிக்கு க்ளாஸ்ல ஒண்ணு நடந்திச்சி” என்று ஆரம்பித்தால், “சரி, போய் கை கழுவு” என்பேன். அவள் கொஞ்சநேரம் நின்று பார்த்துவிட்டுப் போவாள்.

சிரிப்பை அடக்க முடிந்தது. தூக்கத்தை அடக்க முடியவில்லை. சாங்வியில் ஓர் அலுவலகத்தில் கணினியில் விவரங்களை ஏற்றும் வேலை பார்த்தேன். ஒருநாள் விரல் ஒரே எழுத்தின் மேல் இருக்க, அப்படியே தூங்கிப்போனேன். கண் விழித்தபோது திரை முழுக்க அந்த ஓர் எழுத்து. பின்னால் மேலாளர் நின்றிருந்தார். “கர் ஜாகே ஸோ ஜாவோ” என்றார். வீட்டுக்குப் போய்த் தூங்கு என்று. அத்துடன் வேலை போயிற்று. வீட்டில் எனக்குத் தூங்குமூஞ்சி என்றே பெயர். நான் எவ்வளவு தூங்கினாலும் தூக்கம் தீரவில்லை என்பது நான் சோம்பேறி என்பதற்கு நல்ல சாட்சியாகத்தான் இருந்தது. ரத்தம் குறைவு என்று ஒரு டாக்டர் சத்து மாத்திரை கொடுத்தார். வருடக்கணக்கில் அதை விழுங்கினேன்.

மகள் ஒன்பதாவது படிக்கும்போது பள்ளி ஆண்டுவிழாவில் மேடையேறினாள். தன் ஆசிரியர்களைப் போல நடித்துக் காட்டினாள். அரங்கம் குலுங்கியது. எனக்கு வயிற்றுக்குள்ளிருந்து சிரிப்பு கிளம்பிவிட்டது. இவ்வளவு பேர் முன்னால் விழுந்து கிடந்தால் அவளுக்கு எவ்வளவு அவமானம் என்று பயந்து எழுந்து வெளியே போனேன். தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு கைதட்டலை மட்டும் கேட்டேன்.

வீட்டுக்கு வரும் வழியில் அவள், “போரா இருந்திச்சா?” என்று கேட்டாள்.

“தலைவலி” என்றேன்.

அடுத்த வருடம் அவள் பெயர் கொடுக்கவில்லை.

அந்த வருடம்தான் ஒரு நரம்பு மருத்துவரிடம் போனோம். நான் தூக்கத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்க, அவர் குறுக்கிட்டு, “சிரிக்கும்போது முழங்கால் தளருமா?” என்று ஹிந்தியில் கேட்டார். அத்தனை வருடங்களில் அந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை. அவர் முன்னாலேயே அழுதேன். ஒரு பகல் முழுக்கப் படுக்கவைத்துச் சோதித்தார்கள். நார்கோலெப்ஸி. தூக்கத்தையும் விழிப்பையும் பிரித்து வைக்கிற வேலையை மூளை சரியாகச் செய்வதில்லை, அதனால்தான் விழித்திருக்கும்போதே தசைகள் தூங்கிவிடுகின்றன என்றார். மாத்திரை எழுதினார். கூடவே மனநல ஆலோசகர் ஒருவரின் பெயரையும் எழுதினார்.

மாத்திரையை அன்றே வாங்கினோம். ஆலோசகரிடம் போகவில்லை. “எனுக்கு இன்னா பைத்தியமா?” என்று கணவரிடம் சண்டை போட்டேன். நோய்க்குப் பெயர் கிடைத்துவிட்டது, எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். இரண்டு வருடம் கடத்தினேன். அந்த இரண்டு வருடத்தைத்தான் இப்போதும் என்னால் விழுங்க முடியவில்லை. மகள் அப்போது வீட்டில்தான் இருந்தாள்.

கடைசியில் போனதற்குக் காரணம், மாத்திரையால் ஓரளவு விழித்திருக்க முடிந்தபோது, விழித்திருந்து என்ன செய்வதென்று எனக்குத் தெரியாமல் போனதுதான். ஆலோசகர் என் வயதுள்ள மராட்டிப் பெண். மூன்றாவது முறை போனபோது, “கடைசியாக எப்போது சிரித்தீர்கள்?” என்று கேட்டார். படிக்கட்டைச் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார். “இது உங்கள் மகளுக்குத் தெரியுமா?”

தெரியாது. நோயின் பெயர் மட்டும்தான் அவளுக்குத் தெரியும்.

அடுத்த முறை அவளையும் அழைத்துப் போனேன். அவளுக்குப் பதினேழு முடிந்திருந்தது. நான் படிக்கட்டைச் சொன்னேன், ஆண்டுவிழாவைச் சொன்னேன். அவள் கையைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு ஹிந்தியும் தமிழும் கலந்து சொன்னாள்.

“முஜே லகா, நான் நெனச்சேன், உனுக்கு என்னப் புடிக்காதுன்னு. நான் கண்ணாடி முன்னாடி நின்னு ப்ராக்டிஸ் பண்ணுவேன் மா. இன்னா சொன்னா அம்மா சிரிப்பான்னு. அப்புறம் வுட்டுட்டேன்.”

நான் அவள் கையைப் பிடித்தேன். அவள் இழுத்துக்கொள்ளவில்லை. திருப்பிப் பிடிக்கவும் இல்லை.

ஆலோசகர் எனக்குச் சில எளிய விஷயங்களைப் பழக்கினார். சிரிப்பு வந்தால் முதலில் உட்கார்ந்துவிட வேண்டும். கூட இருப்பவர்களிடம் வெட்கப்படாமல் சொல்லிவைக்க வேண்டும். பகலில் நேரம் குறித்து இருமுறை தூங்க வேண்டும். அதைக் குற்றமாக நினைக்கக் கூடாது. இவ்வளவுதான். ஒரு நாற்காலி போதுமாயிருந்திருக்கிறது. இப்போது சிரிக்கிறேன். தாடை தொங்கும், பேச்சு குழறும், அரை நிமிடத்தில் சரியாகிவிடும். கணவர் தோளைப் பிடித்துக்கொள்வார்.

மகள் இப்போது பெங்களூரில் வேலை பார்க்கிறாள். தினமும் போன் செய்வாள். மாத்திரை போட்டியா, மத்தியானம் தூங்கினியா என்று கேட்பாள். ஒரு நர்ஸ் கேட்பதுபோல, குறையில்லாமல். போன தீபாவளிக்கு வந்திருந்தபோது பால்கனியில் நின்று அப்பாவிடம் தன் அலுவலகத்தைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். நான் மாவுக் கையோடு போய் நின்றதும் அவள் பேச்சை நிறுத்திவிட்டு, என்னைப் பிடிப்பதற்குக் கையை நீட்டினாள்.

“இன்னா சொல்லிட்டிருந்த? சொல்லு, நான் ஒக்காந்துக்கிறேன்” என்றேன்.

“ஒண்ணுமில்ல மா. சும்மா.”

ஆலோசகரிடம் இதைச் சொன்னேன். பேசாமலிருக்க அவள் பழகியதற்கு எத்தனை வருடம் ஆயிற்றோ, திரும்பப் பேச அத்தனை வருடம் ஆகலாம், பேசாமலே போகவும் செய்யலாம், நீங்கள் கேட்பதை நிறுத்தாதீர்கள் என்றார். நிறுத்தவில்லை. தினமும் போனில், “இன்னிக்கு இன்னா நடந்திச்சி?” என்று கேட்கிறேன். “நத்திங் மா” என்கிறாள்.