நண்டுக் கறியில் உப்பில்லை என்று எழுதியவர்

போர் முடிந்து ஊருக்கு மீள்குடியேறிய பிறகு அக்கா இலுப்பைக்கடவையில் வீடு கட்டி, இரண்டு அறைகளையும் யாழ்ப்பாணம் போகிற வழியில் தங்குகிறவர்களுக்கு வாடகைக்கு விட்டாள். வயல் கைவிட்ட காலத்தில் அவளும் அத்தானும் அந்த வருமானத்தில்தான் சாப்பிட்டார்கள். மன்னாரில் கணினி வேலை பார்த்த நான் அதற்கு ஓர் இணையத்தளம் செய்து கொடுத்தேன். தேடினால் முதலாவதாக வந்து நின்றது. எனக்கு அப்போது தலைக்கனம் கொஞ்சநஞ்சமல்ல.

பிறகு கருத்துப் பக்கத்தில் பெயரில்லாத ஓர் ஆள் எழுதத் தொடங்கினான். "நண்டுக் கறியில் உப்பில்லை." அடுத்த நாள், "கட்டில் கிறீச்செண்டு கத்துது." பிறகு, "நுளம்பு கடிச்சே ஆளைத் தூக்கிக்கொண்டு போகுது." நான் அழிக்க அழிக்க அவன் எழுதினான். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. இது வெளிநாட்டுச் சொந்தக்காரரின் எரிச்சல்தான் என்று முடிவுகட்டினேன். எங்கள் பக்கத்தில் எது பிழையாய்ப் போனாலும் முதலில் கனடாவைத்தான் சந்தேகிப்போம். வந்த கோபத்தில் வெளிநாட்டு இணைய இணைப்புகளின் ஐபி முகவரிகள் அத்தனையையும் தடுத்துவிட்டேன்.

தளங்களைப் பார்த்துப் பட்டியல் போடும் தேடுபொறியும் வெளிநாட்டிலிருந்துதான் வரும் என்பது இந்த மண்டைக்கு உறைக்கவில்லை. அது வந்து பார்த்து, கதவு பூட்டியிருக்க, திரும்பிப் போனது. அக்காவின் வீடு தேடலில் மெல்ல மெல்லக் கீழிறங்கி, கடைசியில் காணாமலே போனது. அறை கேட்டு ஒருவரும் அழைக்கவில்லை.

"என்னடா தம்பி, றோட்டில ஆக்களே போறேல்லையோ?" என்று அக்கா கேட்டாள். அன்றைக்கே புதிய கருத்து: "குளியலறையில் தவளை." அட நாசமாய்ப் போவானே! இவன் நாட்டுக்குள்ளேயே இருக்கிறான்.

தடைகளையெல்லாம் எடுத்தேன். தளத்தின் பதிவுகளைத் துருவி, கருத்துகள் வந்த ஒரேயொரு முகவரியைப் பிடித்து, அது தேடுபொறியினுடையதல்ல என்று உறுதிப்படுத்திக்கொண்டு அதை மட்டும் தடுத்தேன். முதலே இப்படிச் செய்திருந்தால் தேடலில் இருந்த இடம் போயிருக்காது.

கொஞ்ச நேரத்தில் அக்கா அழைத்தாள். "தம்பி, என்ர வீட்டுப் பக்கம் எனக்கே திறக்குதில்லை! அனுமதி இல்லையாம்!"

அந்த முகவரி அக்கா வீட்டு இணைப்பினுடையது. அதைப் பாவிப்பது அவளும் அத்தானும்தான்.

மோட்டார் சைக்கிளில் பறந்தேன். அத்தான் விறாந்தையில் நெல் மூட்டைகளுக்கு நடுவே பாயில் கிடந்தார்.

"நீங்களோ அத்தான்?"

"ஓம். வேற என்ன செய்ய? முகாமில தறப்பாள் கூடாரத்துக்குள்ள கிடந்தனான். சொந்த வீடு கட்டியும் வாறவன் போறவன் எல்லாம் அறைக்குள்ள, நான் விறாந்தையில. ஆக்கள் வராட்டி உள்ள படுப்பம் எண்டு பாத்தன். வெறும் அறையிலயும் விரிப்புக் கசங்குமெண்டு இவ விடேல்லை."

அக்கா பாய்ந்துகொண்டு வந்தாள். "நண்டுக் கறியில உப்பில்லையோ? சட்டியை வழிச்சுச் சாப்பிட்டனீங்களெல்லோ!"

அத்தான் பாயைச் சுருட்டினார். அக்காவின் கண் அந்தப் பாயில் நின்றது. அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"தம்பி, முன்னறையைத் தளத்திலயிருந்து எடுத்துவிடு. அதுக்கு ஆள் வந்திட்டுது."